பஸ்கா இரவின் தட்டு: ஒரே பண்டத்துக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

#1 மருதம்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மனைவியோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் யூதர். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தங்கள் முன்னோர் விடுதலையானதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகை பஸ்கா. வருகிற பஸ்காவின் முதல் இரவு விருந்துக்கு எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். சேதர் என்று அதற்குப் பெயர். போனோம், சாப்பிட்டோம், வந்தோம் என்று இருக்க மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

தட்டில் என்னென்ன இருக்கும் என்பது புரிந்துவிட்டது. கசப்புக் கீரையோ கிழங்கோ ஒன்று (மாரோர்), பழமும் கொட்டையும் சேர்த்து அரைத்த இனிப்பு விழுது (கரோசெத்), உப்புத் தண்ணீரில் தோய்க்க ஒரு காய் அல்லது கீரை (கர்பாஸ்), சுட்ட எலும்பு, சுட்ட முட்டை. இவற்றோடு மூன்று புளிப்பில்லாத அப்பம், அதாவது மாட்சா.

குழப்பம் அர்த்தத்தில்தான். மாட்சா அடிமைகள் தின்ற அப்பம் என்கிறார்கள். அடுத்த பத்தியிலேயே அது விடுதலையின் அப்பம் என்கிறார்கள். கரோசெத் எகிப்தில் செங்கல் அறுத்த சேறாம். அப்படியானால் அது ஏன் தித்திக்க வேண்டும்? முட்டைக்கு மட்டும் நான்கு விளக்கம் படித்தேன். இதில் எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையஏடு

நல்ல கேள்வி மருதம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைபிளில் அந்த விடுதலைக் கதையைச் சொல்லும் யாத்திராகமம் 12:8-இல் மூன்றே பண்டம்தான் வருகிறது: நெருப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை. எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் ஆட்டை அங்கே பலி கொடுத்து, குடும்பமாகக் கூடி அன்றிரவே சாப்பிட்டு முடிப்பார்கள். கி.பி. 70-இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்தார்கள். அதோடு பலி நின்றது. பண்டிகையின் நடுநாயகமான பண்டமே இலையில் இல்லை என்று ஆகிவிட்டது.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பெசாகிம் பகுதியின் பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். ரப்பான் கம்லியேல் என்ற அறிஞர் சொல்கிறார்: இந்த இரவில் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லாதவர் தன் கடமையை முடித்தவர் ஆகமாட்டார். பஸ்கா பலி, மாட்சா, மாரோர். அதாவது சாப்பிட்டால் மட்டும் போதாது. இதை ஏன் சாப்பிடுகிறோம் என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கும் அந்த இரவில் மாட்சாவை உயர்த்திக் காட்டி அதன் காரணத்தைச் சொல்வார்கள். மாரோரையும் உயர்த்துவார்கள். எலும்பை மட்டும் உயர்த்தமாட்டார்கள். உயர்த்தினால் அதைப் பலிக்கென்று நேர்ந்துவிட்டதுபோல் ஆகிவிடும் என்ற கவனம். ஆலயத்துக்கு வெளியே பலி கூடாது அல்லவா?

இப்போது மாட்சா. சேதர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அடுக்கிய மூன்றில் நடு அப்பத்தை இரண்டாக உடைப்பார்கள். பெரிய பாதியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடுவார்கள். ஏழை தன்னிடம் இருப்பதை முழுதாகத் தின்றுவிட மாட்டான், நாளைக்கென்று ஒரு துண்டை ஒதுக்குவான். அதனால்தான் துண்டு அப்பம் என்கிறது தல்மூத், அதாவது மிஷ்னாவை அலசி விவாதிக்கும் பெருநூல். உடைத்த கையோடு, "இது எகிப்து தேசத்தில் எங்கள் முன்னோர் உண்ட வறுமையின் அப்பம்" என்று அராமிய மொழியில் சொல்லி, பசித்தவர் யாராயினும் வந்து உண்ணட்டும் என்று அழைப்பார்கள். அதற்குப் பிறகு, கதையின் முடிவில், அதே அப்பத்தைக் கையில் எடுத்து, மாவு புளிக்க நேரமில்லாமல் கிளம்பிய கதையைச் சொல்வார்கள். அப்போது அது விடுதலையின் அப்பம்.

எது சரி என்று கேட்டீர்கள். இரண்டும் சரி, இரண்டும் ஒரே இரவில். முதல் அர்த்தத்திலிருந்து இரண்டாம் அர்த்தத்துக்கு நடந்து போவதுதான் அந்த இரவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடமைக்கு உண்ணும் மாட்சாவை எந்த மாவிலும் செய்துவிட முடியாது. கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்களில்தான் செய்ய வேண்டும். காரணம், புளிக்கக்கூடியவை அவைதாம். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வெந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் அது ஹமேட்ஸ், பண்டிகையில் வீட்டிலேயே இருக்கக் கூடாத பொருள். அதே மாவு, அதே தண்ணீர்தான். அடிமை அப்பத்துக்கும் விடுதலை அப்பத்துக்கும் வேறு வேறு மாவு கேட்காத மரபு, புளித்ததற்கும் புளிக்காததற்கும்கூட நேரத்தைத் தவிர வேறு வேற்றுமை வைக்கவில்லை.

#3 செவ்வந்தி

நான் மட்டக்களப்பு. இஸ்ரேலில் ஹைஃபாவில் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். அவர் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. எல்லாரும் அவரைச் சவ்தா என்று கூப்பிடுவார்கள், பாட்டி என்று அர்த்தம். புத்தக விளக்கம் எனக்குத் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன்.

பண்டிகைக்கு முதல் வீடு முழுக்கத் துப்புரவாக்குவது சின்ன வேலை இல்லை. லாச்சிகளைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். குளிர்காலக் கோட்டுகளின் பைகளை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், பிஸ்கட் துகள் இருக்கக் கூடாது. அடுப்பு மேடைக்கு அலுமினியத் தாள் சுற்றுவோம். வருடத்தில் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் கோப்பை பீங்கான்களைப் பரணில் இருந்து இறக்குவோம். முதல் நாள் இரவு லைட்டை அணைத்துவிட்டு, சவ்தாவின் மகன் மெழுகுதிரியும் ஒரு இறகும் மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடுவார். தேடினால் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதால் பத்துச் சின்னப் பாண் துண்டுகளைக் கடதாசியில் மடித்து முன்கூட்டியே ஒளித்து வைத்திருப்பார்கள். அடுத்த நாள் காலை அவற்றை எரித்துவிடுவார்கள்.

மாரோருக்கு அங்கே பெரும்பாலும் நீள இலைச் சலாது, ரோமேன் என்கிறார்களே, அதுதான். ஆனால் சவ்தாவுக்கு அது மாரோரே இல்லை. போலந்துக் குளிரில் அந்த நேரம் இலை ஏது, அதனால் அவர்கள் ஊரில் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு. வெள்ளை முள்ளங்கி மாதிரி, ஆனால் மேலே மண் நிறம், மரம் போல இறுக்கம். போத்தலில் விற்கும் வினாகிரி போட்டதை அவர் தொடமாட்டார். பச்சைக் கிழங்கை நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துருவுவேன். துருவத் துருவக் கண்ணும் மூக்கும் ஓடும். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், இது நேரே மூக்கு வழியாக நெற்றிக்கு ஏறும்.

மேசையில் நான் கவனித்த ஒரு விஷயம். மாட்சா உண்ணும்போதும் வைன் குடிக்கும்போதும் இடப்பக்கம் சாய்ந்துகொள்வார்கள், பெரிய மனிதர்கள் சாய்மனையில் சாய்ந்து உண்பது போல. மாரோர் வரும்போது எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். கசப்பைச் சாய்ந்துகொண்டு உண்பதில்லை. யாரும் சொல்லித் தரத் தேவையே இல்லை, முதுகைப் பார்த்தாலே விளங்கும்.

பிறகு மாரோரைக் கரோசெத்தில் தோய்ப்பார்கள். தோய்த்த உடனே ஒருமுறை உதறுவார்கள். இனிப்பு ஒட்டிக்கொண்டு கசப்பை மறைக்கக் கூடாதாம். சவ்தா பேரப்பிள்ளைகளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார், உதறாமல் வாயில் வைத்தால் சொல்லுவார்.

#4 மாற்றுப்பார்வை

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கத்தான் வேண்டும். இந்த அர்த்தங்களில் பெரும்பாலானவை பின்னால் வந்தவை. வழக்கம் முன்னால், விளக்கம் பின்னால்.

சாய்ந்து உண்பது, நடுவில் வைன் கோப்பைகள், சாப்பாட்டுக்கு முன் காயை எதிலாவது தோய்த்துத் தின்பது, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கேள்வியும் பதிலுமாகப் பேசுவது: இவை எல்லாம் கிரேக்க, ரோமானிய விருந்து வழக்கங்கள். மிஷ்னா உருவான காலத்தில் அந்த நாட்டில் வசதியுள்ளவர்கள் விருந்து வைத்த முறை இதுதான். ஆய்வாளர்கள் பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். கர்பாஸ் வெறும் முன்தீனி. உப்புத் தண்ணீர் என்றால் அடிமைகளின் கண்ணீர் என்பதெல்லாம் பிற்கால விளக்கம்.

மாட்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் மாவு புளிக்கவில்லை என்று யாத்திராகமம் 12-இன் 39-ஆம் வசனம் சொல்கிறது. புளிப்பில்லாத அப்பம் தின்னுங்கள் என்ற கட்டளையோ 8-ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. புறப்படும் முன்பே! அப்படியானால் அந்த அவசரம் எப்படிக் காரணம் ஆகும்? வசந்த காலத்தில் புது பார்லி அறுவடையாகும்போது பழைய புளித்த மாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் உழவர் பண்டிகையும், குட்டி போடும் காலத்தில் ஆட்டை அறுக்கும் மேய்ப்பர் பண்டிகையும் ஒன்றாகி, அதன்மேல் எகிப்துக் கதை ஏறியிருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

#5 பழையஏடு

மாற்றுப்பார்வை, நீங்கள் சொன்ன 8, 39 வசன முரண்பாட்டை யூத உரையாசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். விருந்து வழக்கங்கள் பற்றியும் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் "விளக்கம் பின்னால் வந்தது, ஆகவே ஒட்டவைத்தது" என்ற இடத்தில் நான் நின்றுகொள்கிறேன்.

ரோமானியன் சாய்ந்து உண்டது அவனுக்கு அன்றாடம். ரோமின் ஆட்சிக்குக் கீழே, ஆலயத்தை இழந்து கிடந்த ஒரு மக்கள், வருடத்தில் ஒரு இரவு நாமும் சாய்ந்து உண்போம் என்று எடுத்தார்கள் பாருங்கள், அங்கே அந்தச் சாய்வு வேறு ஆகிவிடுகிறது. மிஷ்னா அதே அதிகாரத்தில் இன்னொன்றும் சொல்கிறது: இஸ்ரவேலின் மிக ஏழையும் சாய்ந்துகொள்ளாமல் உண்ணக் கூடாது, தர்மச் சோற்றில் வாழ்பவனுக்கும் நான்கு கோப்பை வைன் குறையக் கூடாது. பணக்காரனின் முன்தீனி வழக்கத்தை எடுத்து ஏழைக்கும் கட்டாயமாக்கியதை நகல் எடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கர்பாஸ் பற்றித் தல்மூத்தே மறைக்காமல் சொல்கிறது. ஏன் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு காயைத் தோய்க்கிறோம்? குழந்தைகள் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவுதான். வழக்கமில்லாத ஒன்றைச் செய்தால் பிள்ளை "ஏன்?" என்பான். இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி வேறுபட்டது என்று வீட்டிலேயே சின்னப் பிள்ளை பாடிக் கேட்பது அந்த இரவின் முக்கியமான சடங்கு. அந்தக் கேள்வியைக் கிளப்புவதே கர்பாஸின் வேலை. கண்ணீர், வசந்தத்தின் பச்சை என்பவை அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்த பதில்கள். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் கர்பாஸை உப்புத் தண்ணீரில் அல்ல, கரோசெத்தில் தோய்க்கச் சொல்கிறார். கிழக்கு ஐரோப்பாவில் கீரை கிடைக்காத வீடுகளில் அவித்த உருளைக்கிழங்குதான் கர்பாஸ். அதில் பச்சை எங்கே இருக்கிறது? ஆனாலும் பிள்ளை கேட்டான், பெரியவர்கள் பதில் சொன்னார்கள்.

#6 அடுக்களை

கரோசெத் ஏன் இனிப்பு என்று மருதம் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்குப் பிடித்த பண்டம் அது, நான் சொல்கிறேன்.

தல்மூத்தில் ரபிகள், அதாவது யூத மத குருமார், இரண்டு கட்சி. ரபி யோகனான் அது சேற்றின் நினைவு என்கிறார். ரபி லேவி ஆப்பிள் மரத்தின் நினைவு என்கிறார். ஆப்பிள் மரத்துக்குப் பின்னே ஒரு கதை உண்டு. பிறக்கும் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொல்லி எகிப்து மன்னன் பார்வோன் ஆணையிட்ட காலத்தில், எபிரெயப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் தோப்புக்குப் போய் ஆப்பிள் மரத்தடியில் பிள்ளை பெற்றார்களாம். பைபிளின் உன்னதப்பாட்டில் வரும் ஒரு வரியை வைத்துச் சொல்லும் கதை. ஒரு பக்கம் சேறு, வேலை, சவுக்கு. மறுபக்கம் அந்த நாளிலும் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களின் துணிவு. அபாயே என்ற இன்னொரு அறிஞர் இரண்டையும் ஏற்றுக்கொண்டு தீர்ப்பு சொல்கிறார்: ஆப்பிளுக்காகப் புளிப்பும் இருக்கட்டும், சேற்றுக்காகக் கெட்டியாகவும் இருக்கட்டும். தூவும் மசாலா, சேற்றில் கலக்கும் வைக்கோலுக்காக. இதுதான் செய்முறை! ஒரு வாதத்தைச் சமைத்துத் தின்கிறார்கள்.

ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பிய அஷ்கெனாசி வீடுகளில் ஆப்பிளும் வால்நட்டும் பொடியாக நறுக்கி, பட்டைத்தூள் போட்டு, இனிப்புச் சிவப்பு வைன் ஊற்றிப் பிசைவார்கள். இத்தாலியில் செஸ்நட் சேரும். ஈராக் யூதர்கள் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து வேகவிட்டு, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றைத் தேன் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். அதன் மேல் உடைத்த வால்நட். பாக்தாதிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த யூதக் குடும்பங்களும் இதைத்தான் செய்தன. நான் இந்த முறையில் செய்வதுண்டு. சாறு கொதிக்கும்போது கரண்டியைத் தூக்கினால் முதலில் தண்ணீராகச் சொட்டும், பிறகு ஒட்டிக்கொண்டு நூலாக இறங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும், ஆறினால் இன்னும் இறுகும். நிறம் அசல் ஆற்றுச் சேறு. சேறு என்று சொன்ன ரபி ஏன் அப்படிச் சொன்னார் என்பது பாத்திரத்தைப் பார்த்தாலே புரியும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1862-இல் மேற்கு வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த ஓஹையோ 23-ஆம் படைப்பிரிவின் யூத வீரர்கள் காட்டிலேயே சேதர் நடத்தினார்கள். ஜோயல் என்ற வீரர் 1866-இல் ஒரு யூத இதழில் இதை எழுதியிருக்கிறார். மாட்சா வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள், ஆட்டுக்குட்டி பிடித்தார்கள். கசப்புக்கு அங்கே முளைத்த ஏதோ ஒரு களையைப் பறித்தார்கள், அதன் கசப்பு பொறுக்க முடியாததாக இருந்ததாம். கரோசெத்துக்குத்தான் எந்த வழியும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு செங்கல்லையே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள்! பார்த்து நினைத்துக்கொள்ளலாம் என்று.

எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒன்று தோன்றும். செங்கல் சேற்றை மட்டும்தான் நினைவூட்டும். ஆப்பிள் மரத்தடிப் பெண்களை அது நினைவூட்டாது. மருதம், இனிப்பு ஏன் என்பதற்கு என் பதில் இதுதான்.

#7 செபா

நான் நாகர்கோவில். எங்கள் வேதாகமத்தில் பஸ்கா என்றே வாசித்து வளர்ந்தவன். பக்கத்துக் கேரளாவில் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவு பெசஹா அப்பம் உண்டு. அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் அவித்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து, வீட்டுத் தலைவர் அறுத்துக் கொடுப்பார். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பெசஹா பால். பெயரும் புளிப்பில்லாமையும் நேரே பஸ்காவிலிருந்து வந்தவை.

என் கேள்வி: இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனம் இதே சேதர்தானா? எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் இந்தத் தட்டை வைத்து, ஒவ்வொன்றும் கிறிஸ்துவைக் குறிக்கிறது என்று விளக்கினார்கள்.

#8 பழையஏடு

செபா, மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் அதைப் பஸ்கா விருந்து என்கின்றன. யோவான் சுவிசேஷப்படி அது பஸ்காவுக்கு முந்தின இரவு. எப்படியிருந்தாலும் அப்போது ஆலயம் நின்றுகொண்டிருந்தது, ஆட்டுக்குட்டி பலியானது. நாம் பேசும் தட்டும் சேதரின் வரிசையும் ஆலயம் இடிந்த பிறகு உருவானவை. இந்தத் தட்டை அப்படியே அந்த மேசையில் வைத்துப் பார்க்க முடியாது.

சபைகளில் சேதர் நடத்துவது பல யூதர்களுக்கு மனவருத்தம் தருகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பஸ்கா நெருங்கினாலே யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்று பொய்யாக இரத்தப்பழி சுமத்தித் தாக்கினார்கள். அந்த நினைவு உள்ளவர்களிடம் "உங்கள் மாட்சாவின் உண்மையான அர்த்தம் எங்களிடம் இருக்கிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? விருந்தாளியாகப் போய் அவர்கள் வாயால் கேட்பது வேறு.

#9 மல்லிகை

தட்டில் ஆரஞ்சுப் பழமும் வைக்கிறார்களே! ஒரு ரபி, "ஆரஞ்சுக்குச் சேதர் தட்டில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் பெண்ணுக்கு ஜெப ஆலய மேடையில் இடம்" என்றாராம். அதற்குப் பதிலாகப் பெண்கள் ஆரஞ்சு வைக்க ஆரம்பித்தார்களாம். படித்தபோது மிகவும் பிடித்தது.

#10 பழையஏடு

மல்லிகை, அந்தக் கதை எங்கும் பரவியிருக்கிறது, ஆனால் நடந்தது அது இல்லை. ஆரஞ்சைத் தொடங்கிவைத்த சூசனா ஹெஷல், யூதவியல் பேராசிரியர், அதைத் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறார். 1980-களின் தொடக்கத்தில் ஓபர்லின் கல்லூரிக்குப் பேசப் போனபோது, லெஸ்பியன் பெண்களுக்கு ஆதரவாகச் சிலர் தட்டில் ரொட்டித் துண்டு வைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டார். ரொட்டி வைத்தால் சேதரே கெட்டுப்போகும். அந்தப் பெண்களும் அப்படிக் கெடுப்பவர்கள் என்று சொன்னது போல ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ரொட்டிக்குப் பதிலாக ஆரஞ்சு வைத்தார். ஒதுக்கப்பட்டவர்களும் உள்ளே இருந்தால் சமூகம் முழுவதற்கும் பலன் என்று அதற்குப் பொருள். விதைகளைத் துப்பும்போது வெறுப்பைத் துப்புகிறோம் என்றார்.

அவரே ஒரு நேர்காணலிலும் எழுத்திலும் வருத்தப்பட்ட விஷயம், ஒரு பெண்ணின் யோசனை பரவும்போது ஓர் ஆண் சொன்ன வசவாக மாறிவிட்டது என்பதுதான். ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய பேச்சு அதில் காணாமலே போய்விட்டது. அர்த்தங்கள் காலத்தோடு வளரும் என்று நான் மேலே வாதாடினேன். வளரும்போது இப்படி யாராவது அழிக்கப்படவும் கூடும். அதனால் யார் எதற்கு வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முட்டைக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலயத்தில் பஸ்கா ஆட்டோடு சேர்த்துப் பண்டிகைப் பலி ஒன்றும் உண்டு. அதற்கு நினைவுதான் சுட்ட முட்டை. துக்க வீட்டில் முதலில் பரிமாறுவதும் முட்டை என்பதால், இடிந்த ஆலயத்துக்கான துக்கம் என்றும் சொல்வார்கள். பஸ்காவின் முதல் நாள் எந்தக் கிழமையோ, ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசம் இருக்கும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளும் அதே கிழமையில்தான் வரும். பண்டிகைப் பலியும் அதன் இழப்பும் ஒரே முட்டையில் இருக்கின்றன. மற்ற விளக்கங்களை விட்டுவிடலாம்.

#11 மாற்றுப்பார்வை

சாய்ந்து உண்பதை ஏழைக்கும் கட்டாயமாக்கினார்கள் என்ற இடம் எனக்குப் புதிது, யோசிக்கிறேன். ஆனாலும் வரலாற்றைத் தனியாகவும் சொல்லித்தர வேண்டும் என்பேன். நாப்ளுஸ் அருகே கெரிசீம் மலையில் சில நூறு சமாரியர்கள் (பழைய இஸ்ரவேல் மரபில் வந்த தனிச் சமூகம்) இன்றைக்கும் ஆடு அறுத்து, குழியில் சுட்டு, இரவோடு உண்கிறார்கள். அங்கே தட்டும் இல்லை, குறியீடும் இல்லை. ஆடு ஆடாகவே இருக்கிறது. ஆலயம் இடியாமல் இருந்திருந்தால் யூதர்களுக்கும் இந்தத் தட்டு தேவைப்பட்டிருக்காது.

#12 பழையஏடு

தேவைப்பட்டிருக்காது, உண்மை. 1944-இல் நாஜிகளின் பெர்கன் பெல்சன் வதைமுகாமில் மாட்சாவுக்கு வழியில்லாதபோது, அங்கிருந்த ரபிகள் ஒரு பிரார்த்தனை எழுதினார்கள். மாட்சா உண்ணவே எங்கள் மனம் விரும்புகிறது, அடிமைத்தனம் தடுக்கிறது, உயிரைக் காக்கும் கட்டளைக்காக இந்தப் புளித்த ரொட்டியை உண்கிறோம் என்பது அதன் சாரம். இல்லாத ஒன்றைச் சொல்லில் வைத்துக் காப்பாற்றும் பழக்கம் அந்த மரபில் 70-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

#13 மருதம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. நாங்கள் சைவம். முட்டையும் சாப்பிடுவதில்லை. சுட்ட எலும்பு உள்ள தட்டின் முன்னால் உட்காருவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை, ஆனால் ஏதாவது தின்றாக வேண்டுமா? சைவ யூதர்கள் என்ன செய்கிறார்கள்? போகும்போது கையில் என்ன கொண்டுபோகலாம்? சோறு ஏதாவது கிளறிக்கொண்டு போகலாமா?

#14 பழையஏடு

எலும்பை யாரும் தின்பதில்லை, அது நினைவுக்கு மட்டும். சைவ யூதர்கள் பலர் எலும்புக்குப் பதிலாக ஒரு சுட்ட பீட்ரூட் வைக்கிறார்கள். அது இன்றைய நாகரிகம் இல்லை, தல்மூத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. மேசைக்கு இரண்டு சமைத்த பண்டங்கள் வர வேண்டும் என்று மிஷ்னா சொல்கிறது. எவை அந்த இரண்டு என்று தல்மூத் கேட்கிறது. ரவ் ஹூனாவின் பதில்: பீட்டும் அரிசியும். இரண்டு வகை இறைச்சி என்று ரவ் யோசேப் சொல்வது அதற்குப் பிறகுதான் வருகிறது. ரவ் ஹூனா வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதற்காகவே ராவா என்ற அறிஞர் பஸ்கா மேசைக்குப் பீட்டையும் அரிசியையும் தேடி வாங்குவாராம்.

அரிசி புளிக்கும் தானியம் என்று ரபி யோகனான் பென் நூரி கருதினார். அந்தக் கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதற்கு ரவ் ஹூனாவின் அரிசியே சாட்சி என்று ரவ் ஆஷி வாதாடுகிறார். ஆனால் 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் பிரான்ஸ், ஜெர்மனி யூதர்களிடையே அரிசி, பருப்பு, பயறு எல்லாம் பஸ்காவில் கூடாது என்ற வழக்கம் எழுதப்பட்டது. தானியத்தோடு கலந்துவிடும் என்ற பயம். அஷ்கெனாசி வீடுகளில் இன்றும் பலர் அதைக் கைக்கொள்கிறார்கள். அமெரிக்க யூதர்களில் கன்சர்வேடிவ் என்ற பிரிவின் சட்டக்குழு 2015-இல் அனுமதி கொடுத்தது, எல்லாரும் மாறிவிடவில்லை. ஸ்பெயின் வழிவந்த செபார்டி வீடுகளிலும் ஈராக்கி வீடுகளிலும் அரிசி உண்டு. மணி மணியாக மூன்று முறை பொறுக்கிய பிறகே உலையில் போடுவார்கள். கொச்சி யூதர்களும் பஸ்காவில் அரிசி உண்டவர்கள்தான்.

ஆகவே சோறு கொண்டுபோகாதீர்கள். அரிசி உண்ணும் வீடாக இருந்தாலும் உங்கள் சமையலறைப் பாத்திரத்தில் செய்தது பஸ்கா மேசைக்கு ஏறாது. பூங்கொத்து நல்லது. இல்லையென்றால் பஸ்காவுக்கு உகந்தது என்று முத்திரையிட்ட, திறக்காத திராட்சைச் சாறு.

#15 செவ்வந்தி

மருதம் அண்ணா, பிள்ளைகளுக்குப் பின்னேரமே வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். கதை முடிந்து சாப்பாடு மேசைக்கு வர நல்லா இரவாகிவிடும். ஹார்ஸ்ராடிஷ் தந்தால் சின்னத் துண்டாக எடுங்கள், கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது விரலால் ஒவ்வொரு துளி வைனைக் கோப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் விடுவார்கள். எதிரியும் செத்தவன்தானே, அதனால் நம் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்று சவ்தா சொல்லித் தந்தார். நீங்களும் செய்யலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அப்புறம், துணியில் சுற்றி வைத்த அந்தப் பாதி மாட்சா இருக்கிறதே, அதைப் பெரியவர்கள் எங்காவது ஒளித்து வைப்பார்கள். சில வீடுகளில் பிள்ளைகளே திருடி ஒளிப்பார்கள். சாப்பாட்டின் கடைசி வாயாக அதைத்தான் உண்ண வேண்டும், அது இல்லாமல் சேதரை முடிக்க முடியாது. கண்டுபிடித்த பிள்ளை பரிசு கேட்டுப் பேரம் பேசலாம். உங்கள் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே போய்க் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.